ஒரிகன் கரையில் ஓதம் பார்த்து ஒரு பயணம்

கொலம்பியா ஆறு பசிபிக்கில் கலக்கும் அஸ்டோரியாவில் தொடங்கி, தெற்கே கலிஃபோர்னியா எல்லை வரைக்கும் ஒரிகன் மாநிலத்தின் மேற்கு ஓரமாகவே 101ஆம் எண் நெடுஞ்சாலை செல்கிறது. மொத்தம் 363 மைல், ஏறக்குறைய 584 கிலோமீட்டர். மோட்டார்ஹோம் எடுத்துக்கொண்டு நிலக்காட்சிப் படங்கள் எடுக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சாலையைத்தான் முதலில் விரித்து வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். பத்து நாள் இருந்தால் ஒரு நாளைக்கு நாற்பது மைல்கூட வராது, தாராளமாகப் பார்த்துவிடலாம் என்று தோன்றும். காகிதத்தில் கணக்கு சரிதான். ஆனால் படம் எடுக்கப் போகிறவருக்குத் தூரத்தை நாளால் வகுக்கும் இந்த முறை உதவாது என்பது என் வாதம். முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது ஓத அட்டவணை. அதன் பிறகு நிலவும் சூரியனும் எங்கே, எப்போது என்ற கணக்கு. அதற்கும் பிறகு இரவு தங்கும் இடம். சாலை கடைசியில் வந்தால் போதும். அப்படி வரிசையை மாற்றிப் போட்டுப் பார்த்தால் மோட்டார்ஹோம் என்ற வண்டி எதற்குப் பயன்படுகிறது என்பதும் வேறுவிதமாகத் தெரிகிறது. நெடுந்தூரம் ஓடுவதில் அதற்குப் பெரிய மதிப்பு இல்லை. கடலுக்கு அருகில் அசையாமல் நின்று காத்திருக்க விடுவதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது.

ஓதத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்று தமிழ்நாட்டுக் கரையைப் பார்த்துப் பழகியவர்கள் கேட்பது இயல்பு. சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிய நாட்களில்கூட ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். மெரினாவுக்குக் காலையில் போனாலும் மாலையில் போனாலும் கடல் ஏறத்தாழ அதே இடத்தில் இருக்கிறது. ஒரிகன் கரையில் அப்படியில்லை. நியூபோர்ட் நகரத்தை ஒட்டிய கடலில் ஒரு நாளின் மிக உயர்ந்த ஏற்றத்துக்கும் மிகத் தாழ்ந்த வற்றத்துக்கும் இடையே சராசரியாக இரண்டரை மீட்டர் இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இன்னும் கூடும். மணல் சரிவு குறைவாக இருக்கும் இடங்களில் இந்த இரண்டரை மீட்டர் உயரம், கடல் வெகுதூரம் உள்வாங்கிப் போவதாக மாறிவிடுகிறது. பாண்டன் ஊருக்குத் தெற்கே ஃபேஸ் ராக் கடற்கரையில் நிற்கும் பாறைத் தூண்களை ஏற்றத்தின்போது பார்த்தால் கடலுக்குள் நிற்கும் கற்கள், அவ்வளவுதான். வற்றத்தில் அதே பாறைகளுக்கு நடுவே நடந்து போகலாம். அடியில் குகைகள் திறந்திருக்கும். பாறையின் காலடியில் தேங்கிய நீர் வானத்தைத் தலைகீழாகக் காட்டும். ஈர மணல் முழுக்க ஒளி படரும். இரண்டும் ஒரே இடத்தின் இரண்டு படங்கள் என்று சொல்வதைவிட, இரண்டு வெவ்வேறு இடங்கள் என்றே சொல்லலாம். வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே புள்ளிதான்.

நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அந்த இரண்டும் சமமாக இருப்பதில்லை என்பது இந்தக் கரையின் தனித்தன்மை. ஒரு வற்றம் ஆழமாக இறங்கும், இன்னொன்று பாதியிலேயே நின்றுவிடும். ஆழமான வற்றங்களின் சராசரியைத்தான் அங்கே ஓத அட்டவணைகள் பூஜ்யமாகக் கொள்கின்றன. அதற்கும் கீழே எதிர்மறை எண் காட்டும் நாட்களே படமெடுப்பவர் தேட வேண்டியவை. நிலவு வானில் அதே இடத்துக்குத் திரும்ப 24 மணி 50 நிமிடம் ஆவதால், இன்று காலை ஆறு மணிக்கு வற்றும் கடல் நாளை ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வற்றும். ஒரு வாரம் போனால் உச்சிவெயிலில் வற்றும். அப்போது ஈர மணலில் வெறும் வெளுப்புதான் தெரியும். ஆக, ஓர் இடத்தில் நல்ல ஒளியும் நல்ல வற்றமும் ஒன்றுசேரும் நாட்கள் இரண்டு வாரத்துக்கு நான்கைந்துதான். அமெரிக்க அரசின் ‘நோவா’ அமைப்பு அஸ்டோரியா, கரிபால்டி, நியூபோர்ட்டின் சவுத் பீச், சார்ல்ஸ்டன், போர்ட் ஆர்ஃபோர்ட் என்று இந்தக் கரை நெடுகிலும் ஓத நிலையங்களை வைத்து, நேரங்களை முன்கூட்டியே கணித்து இலவசமாக வெளியிடுகிறது. வானிலையைப் பத்து நாளுக்கு முன்னால் நம்ப முடியாது. ஓதத்தை ஓராண்டுக்கு முன்னாலேயே நம்பலாம். திட்டத்தின் அடித்தளமாக உறுதியாகத் தெரிந்த ஒன்றை வைப்பதா, ஊகத்தை வைப்பதா என்ற கேள்விக்கு வேறு பதில் எனக்குத் தோன்றவில்லை.

ஓதம் பார்த்துப் பயணம் செய்வது புகைப்படக்காரர்களின் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 101 போடப்படுவதற்கு முன்னால் இந்தக் கரையில் கடற்கரை மணலே சாலையாக இருந்தது. குதிரை வண்டிகள் வற்றத்துக்குக் காத்திருந்து, இறுகிய ஈர மணலில் ஓடின. கேனன் பீச் ஊருக்குத் தெற்கே சில மைல் தொலைவில் ஹக் பாயின்ட் என்ற சிறு முனை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. வற்றத்திலும் அதைச் சுற்றிப் போவது சிரமம் என்பதால், பாறையின் ஓரத்தை வெடிவைத்துக் குடைந்து வண்டிகள் முனையை ஒட்டிக்கொண்டு போவதற்கு ஒரு தடம் வெட்டினார்கள். அந்தத் தடம் இன்றும் இருக்கிறது. ஏற்றத்தில் அலை அதன்மேல் ஏறும். வற்றத்தில் நடந்து போகலாம். பக்கத்திலேயே ஒரு சிறு அருவி நேராக மணலில் விழுகிறது. படம் எடுக்க இந்தக் கரையில் இதைவிட நிறைவான சிற்றிடம் குறைவு. ஆனால் நிறுத்தி, இறங்கி, பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அது கிடைக்குமா என்பது முழுக்க அவர் வந்த நேரத்தைப் பொறுத்தது. நூறு ஆண்டுக்கு முன்னால் வண்டிக்காரர்கள் கட்டாயத்தால் செய்ததை இன்றைய படக்காரர் விரும்பிச் செய்தால் போதும்.

அந்த மணல்வழிச் சாலைதான் இன்னொரு பெரிய கொடைக்கும் காரணம். 1913இல் ஆளுநர் ஆஸ்வால்ட் வெஸ்ட் காலத்தில், கொலம்பியா ஆற்றிலிருந்து கலிஃபோர்னியா எல்லை வரைக்குமான ஈர மணலைப் பொது நெடுஞ்சாலை என்று சட்டமாக அறிவித்தார்கள். சாலை என்று சொல்லிவிட்டதால் எவரும் அதை வாங்கி வேலி போட முடியாமல் போயிற்று. 1966இல் கேனன் பீச்சில் ஒரு விடுதிக்காரர் தன் விடுதிக்கு முன்னால் இருந்த உலர்ந்த மணலைத் தன் விருந்தினருக்கு மட்டும் என்று ஒதுக்க முயன்றார். சட்டத்தில் ஈர மணல்தானே இருக்கிறது என்பது அவர் கட்சி. அதை எதிர்த்து எழுந்த சர்ச்சையில், ஆளுநர் டாம் மெக்கால் முன்னின்று, 1967இல் புல்பூண்டு தொடங்கும் எல்லை வரைக்கும் உலர்ந்த மணலிலும் மக்களுக்கு நடமாடும் உரிமை உண்டு என்று சட்டம் இயற்றினார்கள். இந்த வரலாற்றுக்கும் பயணத் திட்டத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. கரையில் ஏதாவது ஓரிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டால், வடக்கே போனாலும் தெற்கே போனாலும், முனையும் ஆற்று முகமும் குறுக்கிடும் வரை தடுப்பாரில்லாமல் நடக்கலாம். தனியார் வேலிகள் கடலை மறைக்கும் கரைகளில் பார்வை முனைகளை எண்ணி எண்ணித் தாவித்தான் ஆகவேண்டும். இங்கே ஒரே இடத்தில் தங்கினாலே ஐந்தாறு மைல் கரை கைக்கு வந்துவிடுகிறது. தங்குவதற்கு நல்ல பலன் தரும் கரை என்று உலகில் சிலவற்றைச் சொன்னால் ஒரிகனை முதலில் சொல்வேன்.

இங்கேதான் மோட்டார்ஹோம் வருகிறது. இந்தக் கரையின் மாநிலப் பூங்காக்கள் பலவற்றில் தண்ணீர், மின் இணைப்போடு வண்டி நிறுத்தும் இடங்கள் கடலை ஒட்டியே அமைந்திருக்கின்றன. புரூக்கிங்ஸை ஒட்டிய ஹாரிஸ் பீச்சில் வண்டியிலிருந்து இறங்கிச் சில நிமிடம் நடந்தால் பாறைகள் சிதறிய கடற்கரை. ஒரிகன் கரைத் தீவுகளில் பெரியதான பேர்ட் ஐலண்ட் கண்ணெதிரே நிற்கும். ஃப்ளாரன்ஸுக்கு வடக்கே உள்ள கார்ல் வாஷ்பர்ன் பூங்காவிலிருந்து காட்டுக்குள் போகும் நடைபாதை 1894இல் விளக்கேற்றிய ஹெசீட்டா ஹெட் கலங்கரை விளக்கம் வரை செல்கிறது. நான்கரை மணிக்கு எழுந்து கறுப்புக் காப்பி போட்டுக் குடித்துவிட்டு, சாலையையே தொடாமல் வற்றத்தின் தொடக்கத்துக்குப் போய்ச் சேர முடியும். எட்டு மணிக்குத் திரும்பி வந்து தூங்கலாம். நனைந்த கால்சட்டையைக் காயப்போடலாம். உப்பு படிந்த முக்காலியை நல்ல தண்ணீரில் கழுவலாம், பேட்டரிகளை மின்னேற்றலாம். மாலை வற்றத்துக்கு மறுபடி போகலாம். நடுவில் மழை வந்தால் நின்றதும் புறப்படக் கரைக்கு அருகிலேயே இருக்கலாம். ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும்: குளிர்ந்த கேமராவைச் சூடான வண்டிக்குள் கொண்டுவந்தால் பையைத் திறக்காமல் சற்று நேரம் விட்டுவைக்க வேண்டும், இல்லையென்றால் லென்ஸுக்குள் ஈரம் பூத்துவிடும்.

இதையெல்லாம் ஒரு சிறு காரும் கடலோர விடுதி அறையும் தராதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. செலவை வைத்துப் பார்த்தால் மோட்டார்ஹோம் மலிவு என்று சொல்ல என்னால் முடியாது. 25 அடி நீள வண்டி ஒரு கேலனுக்கு எட்டு முதல் பத்து மைல்தான் தரும். ஒரு லிட்டருக்கு மூன்று நான்கு கிலோமீட்டர். வாடகைக்கு எடுத்தால் ஓட்டும் மைலுக்கும் பெரும்பாலும் தனிக் கட்டணம் உண்டு. நாள்தோறும் ஊர் மாற்றிக்கொண்டிருப்பவருக்குக் காரும் விடுதியுமே சிக்கனம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கணக்கு ஓடும் பயணத்துக்கான கணக்கு. நான்கு நாள் ஓரிடத்தில் நிற்கும் வண்டி எரிபொருள் குடிப்பதில்லை, மைல் கட்டணமும் ஏறுவதில்லை. விடுதிகள் ஊருக்குள் இருக்கின்றன, பூங்காக்கள் முனைகளுக்கும் காடுகளுக்கும் நடுவில் இருக்கின்றன. விடுதியில் காலைச் சாப்பாடு ஏழு மணிக்கு, சூரியன் ஜூனில் எழுவது ஐந்தரைக்கு. இரவு ஒன்பது மணிக்கு மேல் மறையும் கோடைச் சூரியனைப் படம் எடுத்துவிட்டு வந்தால் சின்ன ஊர்களில் சமையலறை மூடியிருக்கும். சாப்பாடும் தூக்கமும் கடலின் நேரத்துக்கு வளைந்து கொடுக்க வேண்டுமென்றால் அடுப்பும் படுக்கையும் நம்மிடம் இருக்க வேண்டும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அவ்வளவு தூரம் விமானம் ஏறிப் போய், 363 மைலில் மூன்று இடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதா? கேனன் பீச்சின் 235 அடி ஹேஸ்டாக் பாறையைப் பார்க்காமல் வருவதா? ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் மணலில் 1906இல் தரைதட்டி இன்றும் எலும்புக்கூடாக நிற்கும் பீட்டர் ஐர்டேல் கப்பலை விட்டுவிடுவதா? இந்த ஆதங்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பார்த்தல் ஒரு பெரிய இன்பம். திரும்ப வர முடியுமா என்று தெரியாதவருக்கு எல்லாவற்றையும் பார்க்கத் தோன்றுவதில் தவறே கிடையாது. ஆனால் பார்ப்பதற்கான பயணமும் படம் எடுப்பதற்கான பயணமும் ஒன்றல்ல. கண் ஓர் இடத்தை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடும். படத்துக்கு ஒளி, நீர், வானம் மூன்றும் ஒருங்கே அமைய வேண்டும், அது நாம் வந்த மணி நேரத்தில் அமையும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நான்கு காலையும் நான்கு மாலையும் ஒரே இடத்தில் கொடுத்தால் எட்டு வாய்ப்பு. எட்டு இடத்துக்கு ஒவ்வொரு வாய்ப்புக் கொடுத்தாலும் கணக்கில் எட்டுதான், ஆனால் அந்த எட்டில் முந்தைய நாளின் அறிவு அடுத்த நாளுக்கு உதவாது. எந்தப் பாறைக்குப் பின்னால் நீர் தேங்குகிறது, எந்த அலை திரும்பும்போது மணலில் கோடு இழுக்கிறது, அரை விநாடி ஷட்டர் அதற்குப் போதுமா என்பதெல்லாம் இரண்டாம் நாளில்தான் தெரிய ஆரம்பிக்கும்.

புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டனின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று, இரண்டு பக்கமும் வாதாடும் சான்றும்கூட. அவர் 1929இல் கலிஃபோர்னியாவின் கார்மெல் ஊருக்குக் குடிவந்தார். அருகில் இருந்த பாயின்ட் லோபோஸ் என்ற சிறு கடல்முனையை ஏறத்தாழ இருபது ஆண்டு திரும்பத் திரும்பப் படம் எடுத்தார். 1948இல் அவர் எடுத்த கடைசிப் படங்களும் அங்கேதான். அதே வெஸ்டன்தான் 1937இல் குகன்ஹைம் நல்கை பெற்ற முதல் புகைப்படக் கலைஞராகி, துணைவி கேரிஸ் வில்சனோடு காரில் மேற்கு அமெரிக்காவைச் சுற்றிப் பல்லாயிரம் மைல் ஓடினார். அவ்வளவு ஓடியும் நல்ல படங்கள் வரத்தானே செய்தன என்று யாராவது கேட்டால், ஆம், வந்தன. ஆனால் அந்தப் பயணத்துக்குப் புறப்பட்டபோது பாறையையும் பாசியையும் அலையையும் பார்க்கத் தெரிந்த கண் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. அதைக் கொடுத்ததில் அந்தச் சின்ன முனையில் கழிந்த ஆண்டுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. நாம் பத்து நாளுக்குப் போகிறவர்கள். இருபது ஆண்டுப் பழக்கத்தைக் கொண்டுபோக முடியாது. நான்கு நாள் பழக்கத்தையாவது அங்கேயே உண்டாக்கிக்கொள்ளலாம்.

எந்த மாதம் போவது என்பதையும் ஓதமே பெருமளவு தீர்மானிக்கிறது. இதைத்தான் பயணத் திட்டங்களில் அதிகம் காணவில்லை. சூரியனும் நிலவும் ஆண்டு முழுவதும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கும் தெற்குமாக இடம் மாறுவதால், ஒரிகன் கரையின் ஆழமான வற்றங்கள் பருவத்துக்குப் பருவம் நேரம் மாறுகின்றன. வசந்தத்திலும் கோடையிலும் அவை அதிகாலையில் வருகின்றன. இலையுதிர் காலத்தில் முறை மாறி, குளிர்காலத்தில் மாலையிலும் இருட்டிய பின்னும் வருகின்றன. ஜூனில் அந்தி வானத்தை ஈர மணலில் பிடிக்க நினைத்துப் போகிறவருக்கு ஒன்பது மணிச் சூரியன் இருக்கும், ஆனால் மாலை வற்றம் ஆழமில்லாமல் முடிந்து நீர் ஏறத் தொடங்கியிருக்கும். அக்டோபர் நடுவில் சூரியன் ஆறரைக்கு மறைகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களின் வற்றமும் கிட்டத்தட்ட அப்போதுதான்.

சூரியன் மறையும் திசையும் சேர்ந்து நகர்கிறது. லிங்கன் சிட்டிக்குச் சற்று வடக்கே 45ஆம் அட்சக்கோடு இந்தச் சாலையைக் கடக்கிறது. அந்த அட்சத்தில் கோடையின் நெடும்பகலன்று சூரியன் நேர்மேற்கிலிருந்து 34 பாகை வடக்கே மறையும். குளிர்காலத்தின் குறும்பகலன்று அதே அளவு தெற்கே மறையும். ஆக வடக்கு நோக்கிய காட்சிகள், ஹெசீட்டா ஹெட் விளக்கத்தைத் தெற்கேயிருந்து பார்ப்பது போன்றவை, கோடைக்குரியவை. தெற்கு நோக்கிய காட்சிகள், எக்கோலா பூங்காவிலிருந்து ஹேஸ்டாக் பாறை வரைக்கும் தெரியும் கரை போன்றவை, குளிர்காலத்துக்குரியவை. எந்தப் படம் வேண்டும் என்று முடிவு செய்தால் மாதம் தானாகவே வந்துவிடும்.

மேற்கு நோக்கிய கரையில் காலை வீண்தானே, சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து அல்லவா எழுகிறது என்று சொல்லலாம். கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த எண்ணம் சுலபமாக வரும். ஆனால் கோடையின் பௌர்ணமி விடியலை எண்ணிப் பார்க்க வேண்டும். முழுநிலவு சூரியனுக்கு நேரெதிரில் இருப்பதால், கிழக்கே வெளிச்சம் வரும் நேரத்தில் மேற்கே கடலுக்குள் இறங்குகிறது. கோடையின் ஆழமான வற்றங்களும் அதே காலைகளில்தான் வருகின்றன. அடுத்த ஓரிரு நாளில் நிலவு சற்றுத் தாமதித்து, இளஞ்சிவப்பாகிவிட்ட வானத்தில் பாறைகளுக்கு மேலே நிற்கும். மணல் முழுக்க ஈரமாக, மனித நடமாட்டம் இல்லாமல் கிடக்கும். அந்திச் சூரியனுக்காக மட்டும் இந்தக் கரைக்குப் போகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள் என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

கோடைக்கு ஒரு குறை இருக்கிறது. வடமேற்குக் காற்று கரையோர நீரைக் கடலுக்குள் தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதன்மேல் படும் ஈரக்காற்று மூடுபனியாகிக் கரையை நாள்கணக்கில் மூடிவிடும். அதை முழு இழப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. கேப் பெர்பெச்சுவா காட்டின் சிட்கா ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு மூடுபனியைவிட நல்ல ஒளி கிடையாது. குளிர்காலப் புயல்களுக்கும் இதேபோல் இரண்டு முகம். அவை மணலை வாரிக்கொண்டு போய், நெஸ்கோவின் கடற்கரையில் சுமார் 2000 ஆண்டுக்கு முந்தைய மரங்களின் அடிக்கட்டைகளை வெளிக்காட்டுகின்றன. 1997-98 குளிர்காலப் புயல்களுக்குப் பிறகு அவை நன்றாகத் தெரிந்தன. கோடையில் மணல் திரும்பி வந்து சேரும்போது போனால் நுனிகள்தான் மிஞ்சும். வற்றத்தில் போகாவிட்டால் அதுவும் தண்ணீருக்குள்.

ஒரே நாளில் இரண்டு இடம் கேட்பது இரண்டு எதிரெதிர் நீர்மட்டங்களாக இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். யாஹாட்ஸ் ஊருக்குத் தெற்கே, கேப் பெர்பெச்சுவாவின் எரிமலைப் பாறைத் தளத்தில் தோர்ஸ் வெல் என்றொரு பள்ளம் இருக்கிறது. ஏற்றத்தின் உச்சத்தை ஒட்டி அலை உள்ளே புகுந்து, பொங்கி, மறுபடி துளைக்குள் வடிந்து இறங்கும். வற்றத்தில் அது பாறையில் வெறும் ஓட்டை. பாண்டனுக்கோ வற்றம் வேண்டும். இரண்டுக்கும் நடுவே சுமார் 100 மைல். அந்தி ஒளியில் தோர்ஸ் வெல் வேண்டுமென்றால் ஏற்றம் அந்தியில் வரும் வாரம் வேண்டும், பாண்டனுக்கு அதற்கு அடுத்த வாரம். இரண்டையும் ஒரே சனி, ஞாயிறில் அடுத்தடுத்துப் போட்டுவைக்கும் திட்டம் ஏதாவது ஒன்றில் ஏமாற்றத்தான் செய்யும்.

ஓத அட்டவணை உயிர்க்காப்பும்கூட. இந்தக் கரையில் அமைதியாக இருக்கும் கடலிலிருந்து திடீரென ஓர் அலை மற்றவற்றைவிட வெகுதூரம் ஏறி வரும். கரையில் கிடக்கும் மரத்தடிகளை அது புரட்டிவிடும், ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். சாமுவேல் போர்ட்மேன் பூங்காவின் 12 மைல் கரையில் உள்ள சிறு குடாக்களில் சிலவற்றுக்கு வற்றத்தில் மட்டுமே வழி. நீர் ஏறத் தொடங்கிய பிறகு வ்யூஃபைண்டருக்குள் மூழ்கியிருப்பவருக்குத் திரும்பும் வழி மூடிக்கொள்ளும். தோர்ஸ் வெல்லில் துளைக்கு அருகில் போய் நிற்பவர்களின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதைக்கிறது. தள்ளி நின்று, நீளமான லென்ஸ் போட்டு எடுத்தாலும் அந்தப் படம் வரும்.

ஓதத்துக்குக் கட்டுப்படாதவையும் இந்தச் சாலையில் ஏராளம். ஃப்ளாரன்ஸ் முதல் கூஸ் பே வரை சுமார் 40 மைல் நீளும் மணல்மேடுகளுக்குச் சாய்ந்த வெயிலும் முந்தின இரவின் காற்றும் போதும். காண்டே மெக்கல்லா வடிவமைத்து 1936இல் திறந்த பாலங்கள் எந்த நேரத்திலும் அழகாகவே நிற்கின்றன. இவற்றைத் திட்டத்தின் மையத்தில் வைக்கத் தேவையில்லை. ஒரு தங்கலிலிருந்து அடுத்த தங்கலுக்கு வண்டி நகரும் நாட்களுக்கு இவையே சரியான உணவு.

முன்பதிவு செய்துவிட்டால் பயணத்தின் சுதந்திரம் போய்விடும், நினைத்த இடத்தில் நிறுத்திக்கொள்ளத்தானே மோட்டார்ஹோம் என்பார்கள். ஒரிகன் கரையில் அந்த எண்ணம் நடைமுறைக்கு ஒத்துவராது. பகலில் மட்டும் திறந்திருக்கும் கடற்கரைப் பூங்காக்களின் நிறுத்துமிடங்களில் இரவு தங்க அனுமதி இல்லை. கோடையில் முன்பதிவு இல்லாமல் போனால் கடலோர இடம் கிடைப்பது அரிது, உள்நாட்டுக்குள் போய்த் தங்க நேரிடும். அதிகாலை வற்றம் அதோடு முடிந்தது. மாநிலப் பூங்காக்களில் ஆறு மாதம் முன்னதாகவே பதிவு செய்யலாம், ஓத நேரங்கள் அதற்கும் முன்பே தெரியும். ஓரிடத்தில் நான்கு நாள் உறுதியாக இருக்கிறது என்றால், அந்த நான்கு நாளுக்குள் எப்போது எழுவது, எங்கே நடப்பது, எதற்குக் காத்திருப்பது என்பதெல்லாம் நம் கையில் இருக்கிறது. எனக்குப் பெரிதாகப் படும் சுதந்திரம் அதுதான்.

வண்டியின் பருமனைப் பற்றிய குறையை மட்டும் முழுமையாக மறுக்க முடியாது. எக்கோலாவுக்குப் போகும் சாலை குறுகலும் வளைவுமானது, பெரிய வண்டிக்கு ஆகாது. புல்லர்ட்ஸ் பீச் பூங்காவில் தங்கினால் ஃபேஸ் ராக்கிற்கு ஆற்றைக் கடந்து பாண்டன் வழியாக வண்டியில்தான் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் மின்கம்பியையும் தண்ணீர்க் குழாயையும் கழற்றி மாட்டுவது அலுப்பூட்டும். நீளத்தில் ஆசைப்படாமல் இருபது அடியை ஒட்டிய வேன் ரக வண்டியை எடுத்துக்கொள்வது இதற்குப் பாதித் தீர்வு. பின்னால் இரண்டு சைக்கிள் மாட்டிக்கொள்வது இன்னும் கொஞ்சம். வடக்கிலிருந்து தெற்கே ஓட்டுவதும் உதவும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் தெற்கே போகிறவருக்குக் கடல் வலப்பக்கமே இருக்கிறது, எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்காமல் பார்வை முனைகளில் ஒதுங்கலாம். மிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பத்து நாளும் அந்தியும் வேண்டும் என்பவருக்கு நான் சொல்வது இது. அக்டோபரில் அமாவாசையோ பௌர்ணமியோ வரும் தேதியைப் பார்த்து, அதை ஒட்டி மாலை வற்றம் நன்றாக இறங்கும் நாட்களைப் பாண்டனுக்கு ஒதுக்கி, புல்லர்ட்ஸ் பீச்சில் நான்கு இரவு. அதற்கு முன்னால் ஏற்றம் அந்தியை ஒட்டி வரும் மூன்று நாளை வாஷ்பர்ன் பூங்காவில் வைத்தால் பெர்பெச்சுவாவும் ஹெசீட்டாவும் கிடைக்கும். மிச்சமிருக்கும் இரவுகளை ஹாரிஸ் பீச்சில் கழித்து, போர்ட்மேன் குடாக்களைப் பகல் வற்றங்களில் நடந்து பார்க்கலாம். அஸ்டோரியாவும் கேனன் பீச்சும் இந்த முறை விடுபடும். ஏப்ரல் மாதம் பூங்காப் பதிவு திறக்கும் காலையில் இந்த மூன்று இடங்களையும் எடுத்துவிட்டு, அதன் பிறகு வாடகை வண்டிக்காரரிடம் பேசினால் போதும். வண்டி எப்படியும் கிடைக்கும், அந்த நான்கு இரவுகள் மறுபடி கிடைக்காது.